முக்கால் டன் டீசல் பிக்கப்பில் 30 அடி டிராவல் டிரெய்லர்: டென்வரிலிருந்து மோவாப் போகும் முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

அரோராவாசி:

வணக்கம். ஜூன் கடைசியில் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலை வழியாக யூட்டாவின் மோவாபுக்கு டிரெய்லரோடு போவதாக இருக்கிறோம். வண்டி ராம் 2500, 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்த்து 2,140 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கிறது. வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு.

டிரெய்லர் முழு நீளம் 30 அடி, இரட்டை ஆக்சில். புரோஷர்படி காலி எடை 6,600, ஹிட்ச் எடை (டிரெய்லரின் மூக்கு, வண்டியோடு மாட்டும் ஹிட்ச் இணைப்பின் மேல் இறக்கும் கனம்) 720, அதிகபட்ச எடை 8,600 பவுண்டு. விற்றவர், "இந்த வண்டி பதினைந்தாயிரத்துக்கு மேல் இழுக்கும், யோசிக்கவே வேண்டாம்" என்கிறார். நாங்கள் நால்வர், சேர்த்து 560 பவுண்டு.

கேட்க வேண்டியது மூன்று. இந்த ஜோடி உண்மையிலேயே பொருந்துமா? எடையைப் பகிரும் ஹிட்ச் அவசியமா, அதை எப்படிச் சரிசெய்வது? ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கும் வெயில் (Vail) கணவாய்க்கும் அப்பால் உள்ள இறக்கங்களில் பிரேக்கை எப்படிக் கையாள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடைமேடை:

அரோராவாசி, இழுக்கும் திறன் எத்தனை என்ற கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் இன்ஜினுக்கு இந்த டிரெய்லர் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் 2500 போன்ற முக்கால் டன் வகை டீசலில் முதலில் தீர்ந்துபோவது பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. கம்மின்ஸ் இன்ஜினும் அதற்கு ஈடான கியர்பாக்ஸும் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். மொத்த வரம்போ அதே 10,000 பவுண்டு. அந்தக் கூடுதல் கனம் முழுவதும் உங்கள் 2,140-இலிருந்துதான் கழிந்திருக்கிறது.

புரோஷரில் உள்ள 720 என்ற ஹிட்ச் எடையை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது தொழிற்சாலையில் காலியாக நின்றபோது எடுத்தது. நிரம்பிய 30 பவுண்டு புரொபேன் சிலிண்டர் ஒன்று சுமார் 55 பவுண்டு வரும்; இரண்டும் டிரெய்லர் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சாதா ஈய பேட்டரி ஒன்று 60 பவுண்டு அளவில், அதுவும் அங்கேயே. அதை ஒட்டிய முன் அறையில் ஹோஸ், நாற்காலி, கருவிப்பெட்டி என்று எல்லோரும் அடைப்பதும் மூக்கின் கனத்தைக் கூட்டும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.34 பவுண்டு, 50 கேலன் தொட்டி நிரம்பினால் 417 பவுண்டு.

திட்டமிடும்போது டிரெய்லரின் அதிகபட்ச எடையில் 13 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல் விழும் என்று வையுங்கள். 8,600-க்கு அது சுமார் 1,120. ஆட்கள் 560, எடையைப் பகிரும் ஹிட்ச் தன் பங்குக்கு சுமார் 100. ஆக 1,780. மிச்சம் 360 பவுண்டு. பின் பெட்டியில் ஐஸ்பெட்டி, ஜெனரேட்டர், விறகு என்று ஏற்றினால் அது நொடியில் கரையும். பெட்டிக்கு மூடி போட்டிருந்தாலும் பக்கப் படி மாட்டியிருந்தாலும் அந்த எடையையும் கழியுங்கள். ஸ்டிக்கரில் உள்ளது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கான கணக்கு.

பொருந்துகிறது, ஆனால் தாராளமாக இல்லை என்பதே என் பதில். கிளம்பும் முன் கேட் (CAT) என்ற பெயர் கொண்ட லாரி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பெரிய லாரி நிறுத்தங்கள் பலவற்றில் இருக்கிறது. நால்வரும் உள்ளே, டீசல் முழுவதும், சாமான் எல்லாம் ஏற்றி, பயணத்தன்று எப்படி இருப்பீர்களோ அப்படியே போக வேண்டும். மேடையில் தனித்தனிப் பலகைகள் இருக்கும்: முன் சக்கரம் முதல் பலகையில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். மூன்று முறை எடை எடுங்கள். முதலில் ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள் மாட்டிய நிலையில். அடுத்து கம்பிகளைக் கழற்றிவிட்டு. கடைசியில் டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு வண்டி மட்டும். 24 மணி நேரத்துக்குள் மறு எடைக்குக் கட்டணம் குறைவு. மூன்று சீட்டையும் இங்கே போடுங்கள், கணக்குப் பார்த்துவிடலாம்.

பெரியவண்டி:

எடைமேடை சொல்வதில் ஒரு திருத்தம். அந்த 10,000 என்பது பொறியியல் எல்லை என்பதைவிட வகைப்பாட்டு எல்லை. அமெரிக்காவில் 8,501 முதல் 10,000 பவுண்டு வரை ஒரு வகுப்பு, 10,001-இல் தொடங்குவது அடுத்த வகுப்பு. அந்தக் கோட்டுக்குள் நிற்கத்தான் பல 2500 வண்டிகளுக்கு 10,000 என்று முத்திரை குத்துகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது பின் ஆக்சிலின் வரம்பும் டயரின் வரம்பும். இரண்டுமே இந்தச் சுமைக்குத் தாராளமாக இருக்கும்.

எடைமேடை:

வகுப்புக் கோடு பற்றி நீங்கள் சொல்வது சரி. அதிலிருந்து "ஆகவே தாண்டலாம்" என்று முடிவெடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 2014 முதல் ராம் 2500-இன் பின்புறம் காயில் ஸ்பிரிங்; அதைவிடக் கனமான மாடலான 3500-க்கு லீஃப் ஸ்பிரிங். இரண்டும் ஒரே வண்டி, ஸ்டிக்கர் மட்டும் வேறு என்பது உண்மையல்ல. கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு 11,000 அடி உயரத்தைக் கடக்கப் போகிறார். ஆக்சில் வரம்பு, டயர் வரம்பு, மொத்த வரம்பு மூன்றுக்கும் உள்ளே நிற்க முடிகிறபோது ஒன்றை மட்டும் மீறச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அடிக்கடி இதைவிடக் கனமாக இழுப்பதாக இருந்தால் 3500 வாங்குவதே வழி.

ஹிட்ச்கடை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹிட்சைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எடையைப் பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு எண்கள். அதையும் வண்டிக் கையேட்டையும் சேர்த்துப் பாருங்கள். சட்டக் கணக்கு எப்படியிருந்தாலும், 30 அடிப் பெட்டியைப் பக்கக் காற்றில் இழுப்பவருக்கு, ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்போடு கூடிய ஹிட்ச் வேண்டும் என்பதுதான் என் கருத்து.

பந்தின் மேல் 1,000 பவுண்டு விழும்போது அது பின் ஆக்சிலுக்கு ஐந்தடி பின்னால் விழுகிறது. ஆகவே பின் ஆக்சிலில் 1,000-க்கும் மேல் ஏறும். முன் ஆக்சிலில் சில நூறு குறையும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் சேர்ந்து பலவீனமாகும். ஸ்பிரிங் கம்பிகள் அந்த எடையில் ஒரு பங்கை முன்னாலும் ஒரு பங்கை டிரெய்லர் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்புகின்றன.

சரிசெய்யும் முறை: சமதளத்தில் டிரெய்லர் இல்லாமல் நிறுத்தி, தரையிலிருந்து முன் சக்கர வளைவின் விளிம்பு வரை, சக்கர மையத்துக்கு நேர் மேலே டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரை மாட்டி, கம்பி போடாமல் மீண்டும் அளந்தால் முன்புறம் உயர்ந்திருக்கும். கம்பிகளை ஏற்றி மூன்றாவது முறை அளந்தால் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். எத்தனை பங்கு இறங்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். பலர் முதல் அளவு அப்படியே திரும்பும் வரை கம்பியை முறுக்குகிறார்கள். பின் ஆக்சிலிலிருந்து தேவைக்கு மேல் எடையைத் தூக்கிவிட்டால் ஈரச்சாலையில் வளைவில் வண்டியின் வால் வழுக்கும். கையேட்டில் உள்ள அளவோடு நிறுத்துங்கள்.

அளவு போதவில்லையென்றால் ஹிட்ச் தலையின் சாய்வை மாற்றும் வாஷரைக் கூட்டிக் குறைக்கலாம், அல்லது சங்கிலி வகையானால் ஒரு கண்ணி ஏற்றி இறக்கலாம். இறுதியில் டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு ஒரு துளி தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் ஆட்டம் கூடும். பந்தின் உயரத்தை ஒரு துளை இறக்குங்கள்.

பந்து 2-5/16 அங்குலம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1-1/4 அங்குலத் தண்டு உள்ள பந்தின் நட்டுக்கு வழக்கமான முறுக்கு 450 அடி-பவுண்டு. வீட்டில் உள்ள சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த அளவுக்கு வராது. கடையில் கேட்டு முறுக்கிக்கொள்ளுங்கள், "கை பலத்துக்கு இறுக்கினேன்" என்று விடாதீர்கள்.

மாட்டும்போது ஒரு சோதனையை மட்டும் விடவே கூடாது. டிரெய்லர் மூக்கில் பந்தைப் பிடிக்கும் கப்ளர், பந்தின் மேல் உட்கார்ந்து, தாழ்ப்பாள் விழுந்து, பின்னைச் செருகிய பிறகு, டிரெய்லர் ஜாக்கால் மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் கப்ளர் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் மேலே வந்தால் அது பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. தாழ்ப்பாள் மூடியதைப் பார்த்து மட்டும் கிளம்பி, முதல் பள்ளத்தில் டிரெய்லர் கழன்று விழுவது இப்படித்தான். தூக்கிய அதே நிலையில் ஸ்பிரிங் கம்பிகளையும் மாட்டிவிடலாம், பாதி பலம் போதும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியோடு சேர்க்காமல் வண்டியில் தனியாகக் கட்டுங்கள்.

பிரேக்மேன்:

டிரெய்லர் பிரேக் சரியில்லாமல் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை. உங்கள் டிரெய்லரில் இருப்பது அநேகமாக எலக்ட்ரிக் டிரம் பிரேக். வண்டியில் உள்ள டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் மெனுவில் பிரேக் வகையை "லைட் எலக்ட்ரிக்" என்று வையுங்கள். "ஹெவி" என்பது 10,000 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு.

கெயின், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு, வைக்கும் முறை: காய்ந்த, மட்டமான, ஆளில்லாத சாலை. முதலில் சில முறை பிரேக் பிடித்து டிரம்மை லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு 20-25 மைல் வேகத்தில் காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் முழுவதும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் சிக்கி டயர் தேய்ந்தால் கெயினைக் குறையுங்கள். மெதுவாகத்தான் நிற்கிறது என்றால் கூட்டுங்கள். சிக்குவதற்குச் சற்றே கீழே உள்ள நிலைதான் உங்கள் கெயின். டிரெய்லரின் சுமை மாறினாலும் மழை வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். எவருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது.

கெயினை உச்சத்துக்கு ஏற்றியும் பலமே இல்லையென்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். 10 அல்லது 12 அங்குல டிரம் பிரேக்கில் ஒவ்வொரு காந்தமும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. நீல பிரேக் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒருவர் நெம்புகோலை முழுவதும் அழுத்தும்போது பாருங்கள். 12-க்குப் பதில் 9 என்றால் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் ஆக்சிலுக்கு அருகே வயரை இணைத்த இடத்தில் பச்சை பூத்திருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, சூடாக்கினால் பசை உருகி மூடும் வகை இணைப்பானைப் போட்டால் சரியாகிவிடும்.

புது டிரெய்லர் அல்லது புது ஷூ என்றால் முதலில் படிய வைக்க வேண்டும். 40 மைலிலிருந்து 20 மைலுக்கு, இருபது முப்பது முறை, இடையே ஆறவிட்டு. அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன கெயின் சோதனைக்கு அர்த்தம் உண்டு. மலையில் போய்ப் படிய வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பிரேக்அவே சோதனைக்கு முதலில் வண்டியையும் டிரெய்லரையும் மின்சாரத்தால் இணைக்கும் 7-பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்னை இழுத்து, வண்டியை மெல்ல முன்னே நகர்த்துங்கள். டிரெய்லர் சக்கரம் பிடிக்க வேண்டும். உடனே பின்னைத் திரும்பச் செருகுங்கள். விட்டுவைத்தால் காந்தம் சூடாகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

அரோராவாசி:

மிக்க நன்றி. நேற்று எடை போட்டுவிட்டோம். தண்ணீர்த் தொட்டி கால்வாசி, மற்றவை எல்லாம் ஏற்றிய நிலையில் வரிசையாக முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர்:

கம்பி மாட்டி: 4,660 / 4,880 / 6,920
கம்பி இல்லாமல்: 4,440 / 5,240 / 6,780
வண்டி மட்டும்: 4,860 / 3,820

இன்னொரு கேள்வி. நான்கு சைக்கிள்களை டிரெய்லரின் பின் பம்பரில் ரேக் போட்டு மாட்டலாமா? ரேக்கோடு 200 பவுண்டு வரும்.

எடைமேடை:

நல்ல எண்கள். வண்டி மட்டும் 8,680. கம்பி இல்லாமல் மாட்டியபோது வண்டியின் கீழ் 9,680. வித்தியாசம் 1,000, அதுதான் பந்தின் மேல் விழும் உண்மையான எடை. புரோஷரின் 720-ஐவிட 280 கூடுதல். டிரெய்லரின் முழு எடை 6,780-உம் 1,000-உம் சேர்த்து 7,780. பங்கு கிட்டத்தட்ட 12.9 சதவீதம். டிராவல் டிரெய்லருக்கு 10 முதல் 15 என்பார்கள்; 12-13 என்பது எனக்குப் பிடித்த இடம்.

முன் ஆக்சிலில் 420 குறைந்தது, கம்பி போட்டதும் 220 திரும்பியிருக்கிறது. பாதிக்குச் சற்று மேல். கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டு அப்படியே விடுங்கள். கம்பியோடு வண்டியின் மொத்தம் 9,540. வரம்புக்கு 460 பவுண்டு உள்ளே இருக்கிறீர்கள். பின் ஆக்சிலின் 4,880-ஐக் கதவு ஸ்டிக்கரின் பின் ஆக்சில் வரம்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், நிறைய இடம் இருக்கும்.

சைக்கிள் விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன்.

மலைப்பாதை:

மூன்றாவது கேள்விக்கு நான். டென்வரிலிருந்து மேற்கே போகும்போது முதலில் ஃபிளாய்ட் ஹில் இறக்கம், குறுகிய வளைவு. அங்கே சாலை விரிவாக்கப் பணி நடக்கிறது, பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் போகாதீர்கள். ஜார்ஜ்டவுன் சுமார் 8,500 அடி. அங்கிருந்து ஏறி ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,158 அடி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். டர்போ டீசலுக்கு அந்தக் கஷ்டம் பெரிதாக இல்லை. ஆனாலும் வலது லேனில் 45-50 மைலில் ஏறினால் போதும். முன்னால் இருக்கும் பெரிய விசிறி திடீரென்று இரைந்தால் பயப்பட வேண்டாம், கூலிங்குக்காக அது பிடித்துக்கொள்ளும் சத்தம். பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் வெப்பம். ஏறுவதை நிறுத்தாமல் கூடிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைத்து ஒரு கியர் கீழே இறக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் அகலமான இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை நிறுத்தாமல் நியூட்ரலில் ஓடவிடுங்கள்.

சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் வரை சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை சரிவு, ஏறக்குறைய 2,400 அடி இறக்கம். உங்கள் 16,460 பவுண்டு மொத்தமும் அங்கே கீழ்நோக்கித் தள்ளும். வேகம் பிடித்த பிறகு கட்டுப்படுத்துவது கடினம், ஆகவே சுரங்கத்துக்குள் இருக்கும்போதே ஏற்பாட்டை முடியுங்கள். டிரெய்லர் இழுக்கும்போது கியர்பாக்ஸுக்கான டோ/ஹால் பொத்தான் ஆனில், எக்ஸாஸ்ட் பிரேக் ஆனில், வாயிலைத் தாண்டும்போது வேகம் 45-க்குக் கீழே.

எக்ஸாஸ்ட் பிரேக் டர்போவின் இறக்கைகளைக் குறுக்கி, வெளியேறும் புகைக்காற்றை அடைத்து இன்ஜினைப் பிடிக்கிறது. சுழற்சி குறைந்தால் அதன் பிடியும் குறையும். 2,000-க்கு மேல் வைத்திருக்கும் கியரில்தான் அது நன்றாக வேலை செய்யும். இன்ஜின் இரைவதைக் கேட்டுப் பலர் மேல் கியருக்கு மாற்றிவிடுகிறார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை இரையட்டும்.

அதையும் மீறி வேகம் ஏறினால் கால் பிரேக். மெதுவாக மிதித்தபடியே இறங்கக்கூடாது. 55 வரை ஏறவிட்டு, உறுதியாக மிதித்து 45-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். இடையே கிடைக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க்கும் டிரம்மும் ஆறுகின்றன. எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் பிடிக்கும்போது டிரெய்லர் பிரேக் வேலை செய்யாது, டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். காய்ந்த சாலையில் பரவாயில்லை. பனி, ஐஸ் இருந்தால் பின் சக்கரம் வழுக்கி வண்டி மடங்கிவிட வாய்ப்பு உண்டு. அப்போது அதை அணைத்துவிடுங்கள். ஜூனில் உங்களுக்கு மதிய இடிமழைதான் இருக்கும், காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

சில்வர்தார்னில் ஒதுங்கி, துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிரம்மையும் பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் போகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லை. பிரேக்மேன் சொன்ன வயரைப் போய்ப் பாருங்கள்.

காப்பர் மவுண்டனைத் தாண்டி வெயில் கணவாய், 10,600 அடிக்கு மேல். மேற்கு இறக்கமும் 7 சதவீதம், முந்தையதைவிட வளைவு அதிகம். அதே முறைதான். பிரேக் இழந்த வண்டிகளுக்கான சரளைச் சரிவுகள் எங்கெங்கே என்று பலகை வரும்போதே பார்த்துவையுங்கள். தேவைப்பட்டால் தயங்காமல் ஏறிவிட வேண்டும்.

கிளென்வுட் பள்ளத்தாக்கில் சரிவு பெரிதாக இல்லை. 2020 காட்டுத்தீக்குப் பிறகு 2021 கோடையில் மண்சரிவால் அந்தச் சாலையை மூடினார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் இப்போதும் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லவ்லேண்ட் கணவாய் வழியாகச் சுற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அது ஏறத்தாழ 12,000 அடி, கொண்டை ஊசி வளைவுகள்.

திரும்பும்போது சுரங்கத்திலிருந்து ஜார்ஜ்டவுன், பிறகு ஜெனஸியிலிருந்து டென்வர் எல்லைவரை என்று இரண்டு நீண்ட இறக்கங்கள். வீடு பக்கத்தில் வந்துவிட்டது என்று அசந்துபோவது அந்தக் கடைசி இறக்கத்தில்தான். ஞாயிறு மாலை கிழக்கே வரும் நெரிசலையும் தவிர்த்துவிடுங்கள்.

டீசல்பம்ப்:

எரிபொருள் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தச் சுமையோடு மலையில் கேலனுக்கு 9-11 மைல் என்று வையுங்கள். மோவாப் சுமார் 355 மைல். உங்கள் தொட்டி 31-32 கேலன் வகையானால் ஒரே நிரப்பலில் போய்ச்சேராது. கிராண்ட் ஜங்ஷன் அல்லது ஃப்ரூட்டாவில் நிரப்புங்கள். அதற்கப்புறம் யூ.எஸ்.-191 பிரியும் கிரசென்ட் ஜங்ஷன் வரை சுமார் 70 மைல் வெறும் பாலைவனம், பம்ப் மிக அரிது, பக்கக் காற்றும் உண்டு.

டிரெய்லரோடு கார் பம்ப் வரிசைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வதைவிட லாரி வரிசை வசதி, ஆனால் அங்குள்ள அதிவேக முனை சில பிக்கப்பின் வாய்க்குள் நுழையாது. பச்சைப் பிடி என்றால் டீசல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் கூடாது. பிபி நிலையங்களில் பெட்ரோலுக்குப் பச்சை. பிடியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிவப்புச் சாயம் கலந்த டீசல் விவசாய வண்டிகளுக்கு, சாலையில் ஓட்டக்கூடாது.

டெஃப் (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்), டிரெய்லர் இழுக்கும்போது வேகமாகக் குறையும். கிளம்பும்போதே நிரப்புங்கள். தவறிப்போய் டெஃபை டீசல் தொட்டியிலோ டீசலை டெஃப் தொட்டியிலோ ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் இழுவை வண்டியைக் கூப்பிட்டால் தொட்டியைக் காலி செய்வதோடு போகும், ஓடவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் வரை செலவு. நீண்ட ஏற்றம் முடிந்து உடனே நிற்கும்போது சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டர்போ ஆறிய பிறகு நிறுத்துங்கள்.

டிரெய்லர் டயர், டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி வகையாக இருக்கும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு வையுங்கள். டயரின் சுமை வகுப்பு லோட் ரேஞ்ச் ஈ என்றால் வழக்கமாக 80 பிஎஸ்ஐ. ஓடிச் சூடானதும் அழுத்தம் ஏறும், அதைப் பார்த்து காற்றை இறக்கிவிடாதீர்கள். வேகக் குறியீடு எதுவும் இல்லாத எஸ்டி டயர் 65 மைலுக்கானது. டயரில் பதித்திருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பூ அப்படியே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சக்கர நட்டு அரை அங்குல ஸ்டட்டுக்கு 90-120 அடி-பவுண்டு. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 10, 25, 50 மைலில் மறுபடி முறுக்குங்கள்.

எடைமேடை:

சைக்கிள். பம்பரில் வேண்டாம். பல டிராவல் டிரெய்லரின் பின் பம்பர் என்பது சாக்கடைக் குழாயைச் செருகிவைக்கும் மெல்லிய சதுரக் குழாய், சட்டத்தோடு ஒட்டியிருக்கும் வெல்டிங்கும் அதற்கேற்றபடிதான். ஒவ்வொரு பள்ளத்திலும் ரேக் அதை முறுக்கும், வெல்டிங் விரிசல் விடும்.

பம்பர் தாங்கினாலும் கணக்கு இடிக்கிறது. உங்கள் டிரெய்லரில் பந்திலிருந்து ஆக்சில் மையம் சுமார் 19 அடி, ஆக்சிலிலிருந்து ரேக் சுமார் 12 அடி பின்னால் என்று வையுங்கள். அங்கே 200 பவுண்டு தொங்கினால் மூக்கு 126 பவுண்டு லேசாகும். டிரெய்லர் 7,980, பந்தின் மேல் 874. பங்கு 11 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. உங்கள் தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால் இருந்து, மோவாபில் முகாமுக்காக அதை நிரப்பினால் இன்னும் இறங்கும். பின் கோடியில் தொங்கும் எடை, ஆட ஆரம்பித்த டிரெய்லரை நிற்கவும் விடாது. ஆட்டம் வந்துவிட்டால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள்; டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகும்.

சைக்கிளை வண்டியின் பின் பெட்டியிலேயே, ஆக்சிலுக்கு மேலே வருகிற மாதிரி நிறுத்திக் கட்டுங்கள். உங்கள் 9,540-ஓடு 200 சேர்ந்தால் 9,740. இன்னும் 260 பவுண்டு மிச்சம் இருக்கிறது. ஐஸ்பெட்டியையும் விறகையும் அந்த 260-க்குள் அடக்குங்கள். விறகை மோவாபிலேயே வாங்கிக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை.